கிராப்பு

"யாரைக் கேட்டு வெட்டினே?" முடியைக் கழுத்துக்கு மேலே குறைத்துக்கொண்டு ஊருக்குப் போனபோது அம்மா கேட்ட முதல் கேள்வி இது. அடுத்தது: "வேண்டுதலா? உடம்புக்கு ஏதாச்சுமா?" கல்லூரியில் ஆசிரியர் அறையிலும் இதையே கொஞ்சம் நாசூக்காகக் கேட்டார்கள். சாமிக்கு முடி கொடுக்கலாம், நோயில் முடி கொட்டலாம். பிடித்திருக்கிறது என்று ஒருத்தி வெட்டிக்கொள்ள அந்தப் பட்டியலில் இடமில்லை. "ஆம்பளையாட்டம் கிராப்பு" என்றார் அம்மா. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

பழைய ஆங்கிலத்தில் 'கிராப்' என்பது செடியின் தலைப்பகுதி, கதிர். கதிரிலிருந்து விளைச்சலுக்குப் பெயராயிற்று. நுனியை நறுக்குவதும் அதே சொல்லாயிற்று. பிறகு மனிதர் தலைமுடிக்கு வந்தது. 1798இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த அயர்லாந்துக் கிளர்ச்சியாளர்களை 'கிராப்பி' என்று அழைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களைப் போல அவர்கள் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். 1920களில் இங்கிலாந்துப் பெண்கள் சிலர் அப்படி வெட்டிக்கொண்டபோது அதற்கு 'ஈட்டன் கிராப்' என்று பெயர் வந்தது. ஈட்டன், ஆண்பிள்ளைகள் படிக்கும் பள்ளி. பெண்ணின் தலையில் இருந்தாலும் பெயர் பையனுடையதுதான்.

நம் ஊரிலும் வங்கியில் கேட்பது கிராப் லோன், சலூனில் வெட்டுவது கிராப்பு. இரண்டும் ஒரே சொல் என்று நாம் யோசிப்பதில்லை. இதே உறவு தமிழில் 'கொய்தல்' என்ற சொல்லில் இருக்கிறது. தினை கொய்கிறோம், பூக் கொய்கிறோம். தாயங்கண்ணியார் பாடிய புறநானூற்று 250ஆம் பாட்டில் கணவனை இழந்தவளின் கூந்தலுக்கும் இதே வினைதான். அவள் வளையல் நீங்குகிறது, அல்லியரிசி உணவாகிறது. வயலில் விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவரும் சொல், இங்கே ஒருத்தியை வாழ்விலிருந்து விலக்கி வைக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் ஆண்கள் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்தார்கள். அதுவும் சண்டையில்லாமல் நடக்கவில்லை. ஆசாரம் கெட்டது என்று பெரியவர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடமும் உத்தியோகமும் துணைக்கு நின்றதால் கிராப்பு நாகரிகமாயிற்று. அந்தக் காலத்தில்தான் பிராமண வீடுகளில் இளம் விதவைகளின் தலையை மழித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு இளம் விதவையின் வாழ்க்கையைத்தான் அ. மாதவையா 1903இல் 'முத்துமீனாட்சி' நாவலாக எழுதினார். ஒரே கூரையின் கீழ் மகன் விரும்பிக் கிராப்பு வைத்துக்கொள்ள முடிந்தது. மகளின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

பெண்களும் கிராப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் பெரியார். சீவிச் சிங்காரிப்பதில் போகும் நேரம் பெண்ணுக்கே மிஞ்சட்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஆனால் ஆணின் கிராப்புக்குக் கிடைத்த உத்தியோகமும் மரியாதையும் பெண்ணின் கிராப்புக்குக் கிடைக்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது 'ஆம்பளையாட்டம்' என்ற பேச்சுதான்.

நீள முடி அடிமைத்தனம், குட்டை முடி விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. பின்னல் பிடித்தவள் பின்னிக்கொள்ளட்டும். மழித்த தலையும் கிராப்புத் தலையும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கலாம். வெட்டலாம் என்று முடிவெடுத்தது யார் என்பதில்தான் வரலாறு இருக்கிறது. முடிக்கு மட்டுமா, படிப்புக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இதையே கேட்டுப் பார்க்கலாம்.

அம்மாவின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: என்னைக் கேட்டுத்தான் வெட்டினேன், அம்மா.