வாஷிங் மெஷினில் துணி சீக்கிரம் நைந்து போவது ஏன்? உரசலும் உப்புத் தண்ணீரும்தான் காரணம்

கோவை:
தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்குள் வெளுத்துப் போகுது, பனியன் கழுத்து தொங்குது. "மெஷின் வாங்கினதுல இருந்து துணியே தாங்க மாட்டேங்குதுங்க" என்ற புலம்பல் கோவை, திருப்பூர் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கிறது. காரணம் தெரிந்தால் பாதி சேதத்தைத் தடுத்து விடலாம்.

நம்ம துணிதான் அந்தப் பஞ்சு

மெஷின் சுற்றும்போது துணியோடு துணி உரசி, நூலில் இருந்து நுண்ணிய இழைகள் பிய்ந்து வருகின்றன. வலைப்பையில் சேரும் பஞ்சு முழுக்க நம்ம துணிதான். துணியை அமுக்கித் திணித்தால் முறுக்கிக்கொண்டு உரசல் இன்னும் கூடும். 6 கிலோ மெஷின் என்றால் காய்ந்த துணி 6 கிலோ என்று கணக்கு. ஒரு ஜீன்ஸ் பேண்ட் மட்டுமே அரை கிலோவைத் தாண்டும். துணிக்கு மேல் ஒரு கை நுழையும் இடம் விடுங்கள்.

திருப்பூர் பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது. ஈரத்தில் தோளைப் பிடித்துத் தொங்கவிட்டால் இழுத்துக்கொள்ளும். உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் துவைத்து, கொடியில் பாதியாக மடித்துப் போடுங்கள்.

உப்புத் தண்ணீர்

சிறுவாணி தண்ணீரில் கொஞ்சம் பவுடருக்கே நுரை பொங்கும். ஆனால் பல வீடுகளில் மெஷினுக்குப் போவது போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் நுரை வர விடாது. நுரை வரலையே என்று பவுடரை அள்ளிப் போட்டால் உப்பும் பவுடரும் இழையில் படிந்து துணி மொடமொடவென்று ஆகும். விறைத்த இழை உரசலில் சீக்கிரம் உடையும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய தர அளவு. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. துணிக்கு அது ரொம்ப அதிகம். உங்க வீட்டு போர் தண்ணீரை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டி சோதித்துக்கொள்ளலாம்.

பவுடரைத் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் போதும்.

இதையும் கவனியுங்க

* லேத் பட்டறை, பவுண்டரி உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் மற்ற துணியை அறுத்துவிடும். முதலில் நன்றாக உதறுங்கள்.

* ஜிப், கொக்கியை மாட்டி விடுங்கள். பையில் காசு, ஹேர்பின் இருக்கிறதா என்று பாருங்கள்.

* கோரா காட்டன் சேலையில் பட்டு இழை உண்டு. கறை நீக்கும் பவுடர் பலவற்றில் உள்ள என்சைம் பட்டை அரிக்கும். அதை மென்மையான சோப்பில் கையால் அலசுவதே நல்லது.

* கலர் துணியை வெந்நீரில் போட வேண்டாம். திருப்பிப் போட்டு நிழலில் காய வையுங்கள்.

ஒரே மாதிரி ஓட்டை விழுதா?

துவைக்கும்போதெல்லாம் புதுசாக நூல் இழுத்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பழைய நைலான் துணியால் டிரம்மின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். துணி சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யும் வரை நல்ல துணி எதையும் உள்ளே போட வேண்டாம்.