பழவேற்காட்டுக் கட்டமும் பட்டாளத்துக் கட்டமும்

லேக் கார்டன்ஸில் நான் தங்கியுள்ள வீட்டின் மொட்டைமாடியில் உலர்ந்துகொண்டிருந்த கட்டம்போட்ட கைலியைப் பார்த்து, "இது ஸ்காட்லாந்து டார்டன் அல்லவா?" என்றார் வங்காளி நண்பர். 1914இல் கல்கத்தா ஸ்காட்டிஷ் என்னும் படைப்பிரிவு திரட்டப்பட்ட ஊர் இது. அவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. ஆனால், சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் படையினரின் உடையைப் பார்த்தே நம் நெசவாளர் கட்டம்போடக் கற்றனர் என்னும் கதை நம்மிடையேயும் உலவுகிறது. காலவரிசை அதற்கு இடந்தரவில்லை.

மெக்லியோட் ஹைலாண்டர் படை சென்னையில் இறங்கியது 1780இல். அவ்வாண்டே பொள்ளிலூர்ப் போரில் அதன் ஒரு பகுதி ஹைதர் அலியின் சேனையிடம் சிக்கி அழிந்தது. சோழமண்டலக் கரையின் கட்டத்துணியோ 17ஆம் நூற்றாண்டிலேயே மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மலாய்த் தீவுகளுக்கும் கப்பலேறிவிட்டது.

டார்டனின் வரலாற்றிலும் பட்டாளத்தின் பங்கு பெரிது. யாக்கோபியக் கிளர்ச்சிக்குப் பின் 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஹைலாண்ட் உடையைத் தடைசெய்தது; படைவீரர்க்கு மட்டும் விலக்களித்தது. 1782 வரை நீடித்த அத்தடைக் காலத்தில் நிலையான வாடிக்கையாளர் இராணுவமே. பானக்பர்ன் ஊரின் வில்சன் நிறுவனம் அந்த வழங்கலில் வளர்ந்தது. ஆயிரம் வீரர்க்கும் ஒரே கட்டம், ஒரே சாயம் வேண்டுமெனில் நிறத்துக்கு இத்தனை இழை என்று எழுதிவைத்தாக வேண்டும். 1819இல் அந்நிறுவனம் தொகுத்த மாதிரி நூல் அத்தகைய கணக்குதான். குலத்துக்கொரு கட்டம் என்னும் வழக்கு பெரிதும் அதன் பின்னர் நிலைபெற்றது.

நெசவும் வேறு. டார்டன் கம்பளியில், ஊடை இரண்டு பாவிழைகளுக்கு மேலும் இரண்டிற்குக் கீழும் செல்லும். வரிக்கு வரி ஓரிழை நகர்வதால் சாய்கோடு தோன்றும். நம் பருத்திக் கட்டத்தில் ஒன்றுவிட்டு ஒன்று, சாய்கோடு இராது. (கைலியைக் கண்ணருகே பிடித்தால் போதும், ஆவணக்காப்பகம் வேண்டா.)

மொழியியல் பயின்றவளுக்குச் சொற்களே வலுவான சான்று. பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிகாட்' என்றனர். மலாயில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ வட்டாரக் கைத்தறியாளர் பருத்தியில் நெய்து விற்ற கட்டக் கைக்குட்டைகளின் பெயர் 'புல்லிகேட்'. ஸ்காட்லாந்து நெசவாளர் தம் சரக்குக்கு நம் துறைமுகத்தின் பெயரை இட்டிருந்தனர். நண்பருக்கு இதைத்தான் காட்டினேன்.