நாட் வானூர்தியின் நெகிழி மாதிரி

நாட் வானூர்தியின் நெகிழி மாதிரி என்பது, பிரித்தானியாவின் ஃபாலண்ட் நிறுவனம் வடிவமைத்த நாட் என்னும் சிறிய தாரை வானூர்தியின் உருவத்தைக் குறைந்த அளவுத்திட்டத்தில் காட்டும் ஒட்டுத் தொகுதி ஆகும். இந்திய வான்படை 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் நாட் வானூர்தியைப் பயன்படுத்தியது. இதனால் இந்திய மாதிரிக் கலைஞர்களிடையே இவ்வானூர்திக்குத் தனி இடம் உண்டு. எனினும், பல ஆண்டுகளாகப் பரவலாகக் கிடைத்த பழைய எயர்ஃபிக்ஸ் தொகுதி, இந்தியா பயன்படுத்திய வகையைச் சேர்ந்தது அன்று. இந்த வேறுபாட்டை அறிதலும், பழைய தொகுதியைச் சேதமின்றிக் கட்டுதலும் இத்துறையின் முதன்மையான சிக்கல்களாகும்.

பின்னணி

நெகிழியாலான வானூர்தித் தொகுதிகளை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தவற்றுள் பிரித்தானியாவின் ஃபிராக் நிறுவனம் முக்கியமானது. இந்நிறுவனம் 1936 இல் பெங்குயின் என்ற பெயரில் 1/72 அளவுத்திட்டத்தில் தொகுதிகளை வெளியிட்டது. இவை செல்லுலோசு அசெட்டேட்டால் ஆனவை. இப்பொருள் காலப்போக்கில் வளையும் தன்மை உடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பாலிசுடைரீன் என்னும் நெகிழி பயன்பாட்டுக்கு வந்தது. உருக்கிய பாலிசுடைரீனை உயர் அழுத்தத்தில் எஃகு அச்சினுள் செலுத்திக் குளிரவைக்கும் முறையினால், மிக நுண்ணிய உறுப்புகளையும் குறைந்த செலவில் உருவாக்க முடிந்தது.

எயர்ஃபிக்ஸ் நிறுவனம் 1939 இல் அங்கேரியரான நிக்கலஸ் கோவ் என்பவரால் இலண்டனில் தொடங்கப்பட்டது. இது 1950களிலிருந்து 1/72 அளவுத்திட்டத்தில் வானூர்தித் தொகுதிகளைப் பெருமளவில் வெளியிட்டது. 1981 இல் நிறுவனம் நொடித்த பின்னர் அதன் அச்சுகள் கைமாறின. 1986 இல் வண்ணப்பூச்சுத் தயாரிப்பாளரான ஹம்ப்ரால் நிறுவனத்தின் கீழும், 2006 இல் ஹார்ன்பி நிறுவனத்தின் கீழும் எயர்ஃபிக்ஸ் வந்தது. ஒரே அச்சு பல பத்தாண்டுகளாக வெவ்வேறு பெட்டிகளில் வெளிவருவது இத்துறையில் வழக்கம். ஆகவே பெட்டியின் ஆண்டு வேறு, அச்சின் ஆண்டு வேறு என்பதைச் சேகரிப்பாளர்கள் கவனத்தில் கொள்கின்றனர்.

நாட் வானூர்தி

நாட் வானூர்தியை வடிவமைத்தவர் பொறியாளர் டெடி பெட்டர். அக்காலப் போர் வானூர்திகள் ஆண்டுக்கு ஆண்டு எடையும் விலையும் கூடிவந்தன. அதற்கு மாறாக, எளிய, எடை குறைந்த வானூர்தி ஒன்றை அவர் முன்வைத்தார். நாட் 18 சூலை 1955 அன்று முதன்முதலாகப் பறந்தது. பிரித்தானிய வான்படை அதன் ஓரிருக்கைப் போர் வகையை ஏற்கவில்லை. ஈரிருக்கைப் பயிற்சி வகையை மட்டுமே வாங்கியது. இந்தியாவும் பின்லாந்தும் போர் வகையை வாங்கின. இந்தியா 1956 இல் உரிம ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் நாட் வானூர்திகள் கட்டப்பட்டன.

1965 செப்டெம்பர் 3 அன்று டிரெவர் கீலர் நாட் வானூர்தியிலிருந்து சேபர் வானூர்தி ஒன்றை வீழ்த்தியதாக இந்திய வான்படை பதிவு செய்துள்ளது. பாக்கித்தான் தரப்பு இதனை மறுத்தது. அதே நாளில் மற்றொரு நாட் பாக்கித்தானின் பசுரூர் ஓடுதளத்தில் தரையிறங்கிப் பிடிபட்டது. அது கராச்சியிலுள்ள பாக்கித்தான் வான்படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

1971 திசம்பர் 14 அன்று சிறீநகர் வான்தளத்தைச் சேபர் வானூர்திகள் தாக்கின. அப்போது 18 ஆம் படையணியைச் சேர்ந்த நிர்மல்ஜித் சிங் சேகோன் குண்டுவீச்சுக்கு நடுவே நாட் வானூர்தியில் ஏறிச் சென்று போரிட்டு உயிரிழந்தார். அவருக்குப் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. இவ்விருதைப் பெற்ற ஒரே வான்படை வீரர் இவரே. அவர் பணியாற்றிய 18 ஆம் படையணி, 2020 மே மாதத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்திலுள்ள சூலூர் வான்தளத்தில் தேசசு வானூர்திகளுடன் மீண்டும் தொடங்கப்பட்டது.

நாட் வானூர்தியை மேம்படுத்தி இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உருவாக்கிய அஜீத் 1991 வரை இந்திய வான்படையில் பணியில் இருந்தது.

எயர்ஃபிக்ஸ் தொகுதியும் இந்திய வகையும்

1960களில் எயர்ஃபிக்ஸ் வெளியிட்ட 1/72 அளவுத்திட்ட நாட், பிரித்தானிய வான்படையின் ஈரிருக்கைப் பயிற்சி வகையாகும். 1965 முதல் 1979 வரை ரெட் ஏரோஸ் என்னும் வான்சாகசக் குழு இவ்வகையையே பறக்கவிட்டது. இதனால் சிவப்பு நிற நாட் மாதிரி உலகெங்கும் பரவியது. பெட்டியில் நாட் என்ற பெயர் இருப்பதைக் கண்டு இந்தியப் போர் வானூர்தி எனக் கருதி வாங்குவோர் ஏமாற்றம் அடைவதுண்டு. இரு வகைகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடுகள் பின்வருமாறு:

• இருக்கை: போர் வகையில் ஓரிருக்கை, பயிற்சி வகையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள். இதனால் பயிற்சி வகையின் மூடி நீளமானது, உடலும் நீளமானது.
• இறக்கை விரிவு: போர் வகை ஏறத்தாழ 6.73 மீட்டர்; பயிற்சி வகை ஏறத்தாழ 7.32 மீட்டர். 1/72 அளவுத்திட்டத்தில் இவை முறையே 93.5 மில்லிமீட்டரும் 101.7 மில்லிமீட்டரும் ஆகும்.
• இறக்கை அமைப்பு: போர் வகையில் சாய்வுக் கட்டுப்பாட்டுப் பலகைகள் இறக்கையின் உட்புறத்தில் உள்ளன, அவையே தரையிறங்கும்போது மடிப்புகளாகவும் செயற்படும். பயிற்சி வகையில் இவை வெளிப்புறத்திலும், மடிப்புகள் தனியாகவும் அமைந்துள்ளன.
• படைக்கலம்: போர் வகையில் காற்று நுழைவாய்களின் ஓரங்களில் இரண்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள் உண்டு. பயிற்சி வகையில் இவை இல்லை.

ஆகவே பழைய தொகுதியை இந்திய நாட்டாக மாற்ற விரும்புபவர் ஒவ்வோர் இறக்கையிலும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டரைக் குறைக்க வேண்டும். அத்துடன் உடலை அறுத்துச் சுருக்கவும், மூடியைப் புதிதாக உருவாக்கவும், பீரங்கி வாய்களைச் செதுக்கவும், கட்டுப்பாட்டுப் பலகைகளின் கோடுகளை அடைத்துப் புதிதாகக் கீறவும் வேண்டும். இறக்கையை நுனியில் மட்டும் வெட்டினால் அதன் வடிவம் சரியாக அமையாது. வேலையைத் தொடங்குமுன் போர் வகையின் வரைபடத்தை 1/72 அளவில் அச்சிட்டு, உறுப்புகளை அதன்மேல் வைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. பிற்காலத்தில் செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி நிறுவனம் ஓரிருக்கை நாட், அஜீத் ஆகியவற்றின் தொகுதிகளை வெளியிட்டது. அதன் பின்னர் இம்மாற்றம் கட்டாயத் தேவையாக இல்லை.

பழைய தொகுதியைக் கட்டுதல்

ஆய்வும் கழுவுதலும்

பெட்டியைத் திறந்தவுடன் உறுப்புகளைக் குறிப்புத்தாளுடன் ஒப்பிட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய தொகுதியில் தொலைந்த உறுப்புக்கு மாற்று எளிதில் கிடைக்காது. அச்சிலிருந்து எளிதில் விடுபடுவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்ப்பசை உறுப்புகளில் படிந்திருக்கலாம். இதன்மேல் வண்ணம் பிடிக்காது. எனவே உறுப்புகளைச் சட்டத்திலிருந்து பிரிக்காமலேயே இளஞ்சூடான சவர்க்கார நீரில் கழுவி உலரவிட வேண்டும். கொதிநீர் பாலிசுடைரீனை வளைத்துவிடும்.

பிசிறு நீக்கலும் பொருத்திப் பார்த்தலும்

அச்சு தேயும்போது அதன் இரு பாதிகளுக்கு இடையே நெகிழி கசிந்து உறுப்புகளின் ஓரங்களில் மெல்லிய பிசிறாக நிற்கும். இதனைக் கூரிய கத்தியால் சுரண்டி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உறுப்பைச் சட்டத்திலிருந்து முறித்து எடுக்காமல் வெட்டியே எடுத்தல் வேண்டும். பசை இடுவதற்கு முன்னர் ஒவ்வொரு பொருத்தையும் வெறுமனே சேர்த்துப் பார்த்தல் நல்லது.

ஒட்டுதல்

பாலிசுடைரீனுக்கான பசை சாதாரணக் கோந்து போன்றது அன்று. அதிலுள்ள கரைப்பான் இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குகின்றது. ஒட்டியபின் தவறு தெரிந்தால் பிரிப்பது கடினம். பசை அதிகமானால் நுண்விவரங்கள் கரைந்து மறையும். மூடி போன்ற ஒளி ஊடுருவும் உறுப்புகளுக்கு இப்பசையோ, சயனோஅக்ரிலேட் பசையோ பொருந்தாது; முன்னது தெளிவைக் கெடுக்கும், பின்னதன் ஆவி வெண்படலம் ஏற்படுத்தும். நீரில் கரையும் வெண்பசையே இவற்றுக்கு ஏற்றது. கரைப்பான்களின் ஆவி உடல்நலத்துக்குக் கேடானது. ஆகவே காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அப்பால் வேலை செய்ய வேண்டும். சிறுவர்கள் பெரியவர்களின் துணையுடன் செய்தல் வேண்டும்.

நாட் மூன்று சக்கரங்களில் நிற்பது. மூக்கின் உள்ளே போதிய எடை வைக்காவிட்டால் இத்தகைய மாதிரிகள் வாலில் அமர்ந்துவிடக்கூடும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுமுன் மீன்பிடித் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளை மூக்கில் பதிக்கும் வழக்கம் உண்டு. ஒட்டியபின் இதனைச் செய்ய இயலாது.

பட்டி பார்த்தலும் நுண்விவரங்களும்

பொருத்துகளிலுள்ள இடைவெளிகளைப் பட்டி பார்த்து அடைத்து, காய்ந்தபின் நீர் தொட்டு உப்புத்தாளால் சமன் செய்வர். பழைய தொகுதிகளில் தகட்டுக் கோடுகளும் தறையாணிகளும் பொதுவாகப் புடைத்து நிற்கும். 0.3 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு தறையாணி, உண்மை வானூர்தியின் அளவில் 2 சென்டிமீட்டருக்கும் மேலாக அமையும். இதனால் அவற்றைத் தேய்த்து நீக்கி, எஃகு அளவுகோலை வைத்து ஊசியால் நுண்கோடுகளாகக் கீறுவோர் உள்ளனர். புடைப்புகள் அத்தொகுதியின் காலத்துக்குரிய அடையாளம் எனக் கருதி அவற்றை அப்படியே விடுவோரும் உள்ளனர். மூடியின் வழியே தெரியும் இருக்கை, வார்ப்பட்டைகள், கருவிப் பலகை ஆகியவற்றை மெல்லிய நெகிழித் தகடு, தாள், செப்புக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கலாம்.

வண்ணமும் அடையாளங்களும்

1965 ஆம் ஆண்டுப் போரின் தொடக்கத்தில் இந்திய நாட் வானூர்திகள் பெரும்பாலும் வெள்ளி நிறத் தோற்றம் கொண்டிருந்தன. பின்னர் பச்சை, மண் நிறங்களாலான உருமறைப்பு பூசப்பட்டது. எந்த ஆண்டின், எந்தப் படையணியின் வானூர்தி என்பதை முடிவு செய்த பின்னரே நிறத்தைத் தெரிவு செய்ய வேண்டும். வெள்ளி வண்ணம் மேற்பரப்பின் சிறு கீறலையும் வெளிக்காட்டும். எனவே அதற்கு முன் பிரைமர் பூசிக் குறைகளைக் கண்டறிந்து திருத்துவர்.

இந்திய வான்படையின் வட்டக்குறி வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என அமைந்தது. நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாள்கள் பழமையால் மஞ்சளாகவும் நொறுங்கும் தன்மையுடனும் இருக்கும். மஞ்சளான தாளைக் கண்ணாடிச் சன்னலில் வெயில் படும்படி சில நாள் ஒட்டி வைத்தால் நிறம் ஓரளவு நீங்கும். நொறுங்கும் தாளின்மேல் தெளிந்த வார்னிஷ் மெல்லிதாகப் பூசிக் காயவைத்தால், புதிய படலம் அதனைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தேவையற்ற ஒரு சிறு குறியை நனைத்துச் சோதித்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

மலைப்பகுதிகளில் கவனிக்க வேண்டியவை

காற்றின் ஈரப்பதம் இவ்வேலையைப் பெரிதும் பாதிக்கும். சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்யும் இம்மலையில் மூடுபனி அடிக்கடி இறங்கும். இத்தகைய ஈரக்காற்றில் விரைந்து உலரும் லாக்கர் பூச்சுகள் தெளிக்கப்படும்போது, கரைப்பான் ஆவியாவதால் பரப்பு குளிர்கிறது. அதன்மேல் நீர்த்துளிகள் படிந்து பூச்சு வெளிறுகிறது. குளிரில் எனாமல் உலர்வதற்கும் கூடுதல் நேரம் ஆகும். ஆகவே மழைக்காலத்தை வெட்டுதல், ஒட்டுதல், பட்டி பார்த்தல் ஆகியவற்றுக்கு ஒதுக்கி, வண்ணம் பூசுவதை உலர்ந்த கோடை முற்பகல்களில் வைத்துக்கொள்ளலாம். டெக்கால் தாள்களும் அட்டைப்பெட்டிகளும் ஈரத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அவற்றைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா செல் பைகளுடன் வைத்தல் நல்லது.

உண்மை வானூர்திகளின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியத்தின் தாதுவாகிய பாக்சைட்டு சேர்வராயன் மலையிலும் கிடைக்கிறது. 1965 இல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் மதராஸ் அலுமினியம் நிறுவனம் இத்தாதுவைப் பயன்படுத்தியது.

கட்டுவதா, பாதுகாப்பதா

திறக்கப்படாத பழைய பெட்டிகளுக்குச் சேகரிப்பாளர்களிடையே மதிப்பு உண்டு. பெட்டியின் ஓவியம், குறிப்புத்தாள், டெக்கால் ஆகியன முழுமையாக இருப்பின் அம்மதிப்பு கூடும். ஒருமுறை கட்டிவிட்டால் அதனை மீட்க இயலாது. மறுபுறம், டெக்கால் தாள்கள் பெட்டிக்குள்ளேயே பழுதடைகின்றன. கட்டுவதற்கென்று செய்யப்பட்ட பொருள் கட்டப்படாமலே அழியக்கூடும் என்பது கட்டுவோரின் வாதம். அரிய பதிப்பைப் பாதுகாத்து, பெட்டி சிதைந்த அல்லது உறுப்பு குறைந்த தொகுதியைக் கட்டுவது பலரும் ஏற்கும் நடுவழி ஆகும். குறிப்புத்தாளையும் டெக்கால் தாளையும் முன்கூட்டியே ஒளிவருடி வைத்தால் கட்டிய பின்னரும் பதிவு எஞ்சும்.

இந்திய நாட் வானூர்தியைப் பொறுத்தவரை மற்றொரு கருத்தும் உண்டு. பயிற்சி வகை மாதிரியின்மேல் இந்திய வட்டக்குறியை ஒட்டி வைத்தால், காண்போர் அதனையே சேகோன் பறந்த வானூர்தி என எண்ணக்கூடும். ஆதலால் மாற்றம் செய்யாத தொகுதியைப் பிரித்தானியப் பயிற்சி வானூர்தியாகவே முடிப்பதும், இந்திய வானூர்தியைக் காட்ட விரும்புவோர் ஓரிருக்கை வகையைக் கட்டுவதும் வரலாற்றுக்குப் பொருந்துவனவாகும். தில்லி பாலத்திலுள்ள இந்திய வான்படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள நாட் வானூர்தி, உருவ ஒப்பீட்டுக்கு உதவும் முதன்மையான சான்றாகும்.