வண்டி மாறியது, பெயர் மாறவில்லை: ஜீப் செரோக்கியின் அரை நூற்றாண்டு

1974ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் இரண்டு கதவுகள் கொண்ட ஜீப் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அதற்குச் ‘செரோக்கி’ எனப் பெயரிட்டது. அதைப் புது வண்டி என்று சொல்வதற்கில்லை. 1963 மாடல் முதல் விற்பனையிலிருந்த வேகனீரின் உடற்கூட்டையே சற்று மாற்றி, இளம் வாடிக்கையாளரைக் கருதி மலிவாக்கியிருந்தனர். புதியதாக அதில் இருந்தது பெரும்பாலும் பெயர்தான்.

அமெரிக்கக் கார்களுக்குத் தொல்குடிப் பெயர் சூட்டுவது அன்று புதிதன்று. பான்டியாக் என்பது 18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட ஒடாவா தலைவரின் பெயர். எனினும் அது மிச்சிகனின் பான்டியாக் நகரத்தின் வழியாகவே காரை வந்தடைந்தது. செரோக்கிக்கு அத்தகைய இடைவழி எதுவும் இல்லை. அது உயிரோடு வாழும் ஒரு மக்களின் பெயர். அரசாங்கமும் எழுத்து முறையும் உடைய மக்கள். செக்வோயா 1821இல் வகுத்து முடித்த அசையெழுத்தில் 1828 முதல் இதழ் நடத்தியவர்கள். தங்களை அனியுன்வியா, அதாவது முதன்மை மக்கள், என்று அழைத்துக்கொள்பவர்கள். 1830ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து, 1838-39இல் தென்கிழக்கு நிலங்களிலிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டபோது ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு.

பெயர் சூட்டப்பட்ட காலத்தைக் கவனிக்க வேண்டும். 1907இல் ஓக்லஹோமா மாநிலமான பின், செரோக்கி தேசத்தின் முதன்மைத் தலைவரை நியமிக்கும் அதிகாரம் அமெரிக்கக் குடியரசுத் தலைவரிடம் இருந்தது. நிலப் பத்திரங்களில் கையொப்பமிடுவதற்காக ஒரே ஒரு நாளுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர்களும் உண்டு. தேர்தல் உரிமை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் மீண்டது. 1971இல் தேர்தல் நடந்தது. புதிய அரசமைப்பு 1976இல் வாக்களித்து ஏற்கப்பட்டது. அதே 1970களின் நடுவில்தான் ‘செரோக்கி சீஃப்’ என்ற வகையும் அறிமுகமாயிற்று: அகன்ற சக்கரங்கள், பக்கவாட்டில் பட்டை, பட்டையின் மேல் பெரிய எழுத்துகளில் அப்பெயர். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் தலைவரைத் தாமே தேர்ந்தெடுக்க இயலாதிருந்த மக்கள் அவ்வுரிமையை மீட்ட சில ஆண்டுகளுக்குள், ‘தலைவர்’ என்ற பட்டம் காரின் அலங்காரமாகிவிட்டது. இதில் தீய நோக்கம் ஏதும் இருந்ததாகக் கருத வேண்டியதில்லை. யாரிடமும் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழாததுதான் இங்கே வரலாற்றுச் செய்தி.

1984 மாடலில் வந்த இரண்டாம் தலைமுறை முற்றிலும் வேறு வண்டி. தனி அடிச்சட்டம் இல்லை. உடலும் சட்டமும் ஒன்றாக வார்த்த அமைப்பு. முன்னோடியைவிட ஏறத்தாழ 450 கிலோ குறைந்த எடை. ரெனோவின் பங்களிப்போடு வடிவமைக்கப்பட்ட இது 1985 முதல் பெய்ஜிங்கிலும் தயாரானது. 1987இல் கிறைஸ்லர் இந்நிறுவனத்தை வாங்கியபோது அதன் கண் பெரிதும் ஜீப்பின் மீதே இருந்தது. 1992 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் பாப் லட்ஸ், நகர மேயர் கோல்மன் யங்கை அருகில் அமர்த்திக்கொண்டு கண்ணாடிச் சுவரை உடைத்து ஓட்டி வந்தது கிராண்ட் செரோக்கியை. பழைய செரோக்கியின் இடத்தை நிரப்பவே அது திட்டமிடப்பட்டது. விற்பனை நன்றாக இருந்ததால் இரண்டும் உடன் வாழ்ந்தன. (கிராண்ட் செரோக்கி 2022 முதல் புனேயை அடுத்த ராஞ்சங்காவிலும் பொருத்தப்படுகிறது.)

அடுத்த தலைமுறையில் விந்தையொன்று நிகழ்ந்தது. 2002 மாடலாக வந்த வண்டி அமெரிக்காவில் ‘லிபர்ட்டி’ என்று விற்கப்பட்டது. வெளிநாடுகள் பலவற்றில் அதே வண்டி செரோக்கியாகவே நீடித்தது. லண்டனில் செரோக்கி, சிகாகோவில் லிபர்ட்டி. ‘கிராண்ட்’ என்ற முன்னொட்டில்லாத செரோக்கியை ஒரு பத்தாண்டுக்கும் மேலாக அமெரிக்கர் புதிதாக வாங்க இயலவில்லை. ஆகவே, பெயரை விட்டுவிட்டால் வணிகம் நலியும் என்ற வாதத்திற்கு எதிரான சான்றை நிறுவனமே தந்திருந்தது. ஆயினும் 2013இல், ஃபியட்டின் அடித்தளத்தில் எழுந்த 2014 மாடலுக்கு அப்பெயர் அமெரிக்காவிலும் திரும்ப வந்தது.

சட்டம் இங்கே உதவவில்லை. 1990ஆம் ஆண்டின் இந்தியக் கலை, கைவினைச் சட்டத்தின்படி, தொல்குடியினர் செய்யாத மணிமாலையைச் செரோக்கிக் கைவினை என்று விற்பது குற்றம். அச்சட்டத்தின் எல்லை கலையோடும் கைவினையோடும் முடிகிறது. மணிமாலைக்குள்ள காவல் மக்களின் பெயருக்கு இல்லை. காரைப் பொறுத்தவரை அப்பெயர் நிறுவனத்தின் வணிகமுத்திரை. செரோக்கி மக்கள் செய்யக்கூடியது கேட்பது ஒன்றே.

அவர்கள் 2021 பிப்ரவரியில் கேட்டார்கள். வாஷிங்டன் கால்பந்து அணியும் கிளீவ்லாந்து பேஸ்பால் அணியும் தம் பழைய பெயர்களைக் கைவிட முடிவு செய்திருந்த சூழல் அது. காரின் பக்கத்தில் பெயரை ஒட்டுவது மதிப்பளிப்பதாகாது. தம் அரசையும் வரலாற்றையும் பண்பாட்டையும் அறிந்துகொள்வதே மதிப்பு என்ற பொருளில் முதன்மைத் தலைவர் சக் ஹாஸ்கின் இளையவர் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழுக்குத் தெரிவித்தார். அப்போது அப்பெயர் அண்மையில் உருவான ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்தின் உடைமையாகியிருந்தது. தேவைப்பட்டால் மாற்றத் தயங்கமாட்டோம் என்று அதன் தலைவர் கார்லோஸ் டவாரெஸ் அடுத்த மாதம் குறிப்பாலுணர்த்தினார். தேவை என்பதை முடிவு செய்பவர் யார் என்பது பேசப்படவில்லை.

2023இல் செரோக்கியின் தயாரிப்பு நின்றது. இல்லினாய் மாநிலத்தின் பெல்விடியர் ஆலை மூடிக் கிடந்தது. பெயரை ஓசையின்றிக் கைவிட அதைவிட எளிய தருணம் வாய்த்திராது. 2025 ஆகஸ்டில் புதிய வண்டி அறிமுகமாயிற்று: கலப்பின எஞ்சின், புதிய அடித்தளம், மெக்சிகோவின் டோலூகா ஆலை. பெயர், செரோக்கி.