தத்தெடுப்பு: சட்டம் சொன்ன ரெண்டு மாசம்

எங்க சங்கரன்கோவில்ல தத்தெடுப்பு பத்திப் பேச்சு எடுத்தாலே, "வருஷக்கணக்கா காத்திருக்கணுமாமே"ன்னுதான் கேப்பாங்க. அது பெற்றோரோட காத்திருப்பு. குழந்தையும் காத்திருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்தி.

1982-ல லட்சுமி காந்த் பாண்டேங்கிற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிநாட்டுத் தத்துங்கிற பேர்ல முறைகேடு நடக்குதுன்னு புகார். கடிதத்தையே வழக்கா எடுத்துக்கிட்டாங்க. 1984 பிப்ரவரியில நீதிபதி பி.என். பகவதி எழுதின தீர்ப்புதான் இன்றைய நடைமுறைக்கு அஸ்திவாரம். 1990-ல 'காரா' அமைப்பு உருவானது அதோட தொடர்ச்சி. நல்லா விசாரிக்கணும், ஆனா மனுவை 2 மாதத்துக்குள்ள முடிக்கணும்னு அந்தத் தீர்ப்பு சொன்னது.

விசாரணை வேண்டாம்னு சொல்லவே முடியாது. அதுவும் நம்ம ஊர்ல. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல சேலத்துல தொட்டில் குழந்தை திட்டம் தொடங்கின அதே தமிழ்நாட்டுலதான், தெருவுல திருடின குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்து கொடுத்த விவகாரம் 2005-ல சென்னையில வெளியே வந்தது. பெத்தவங்க உயிரோட தேடிக்கிட்டு இருந்தாங்க. 2019-ல ராசிபுரத்துல குழந்தை விற்பனை ஆடியோ ஒண்ணு வெளியாகி, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தர் கைதானதும் ஞாபகம் இருக்கும்.

அதனால 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஒரு கதவு வைக்குது. கைவிடப்பட்ட குழந்தையோட பெற்றோரைத் தேடணும், போலீஸ் அறிக்கை வரணும். அப்புறம்தான் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு, 'இந்தக் குழந்தையைச் சட்டப்படி தத்து கொடுக்கலாம்'னு அறிவிக்கும். 2 வயசு வரைக்கும் 2 மாதம், அதுக்கு மேலன்னா 4 மாதம்தான் கெடு.

நடக்கிறது என்ன? 2022 ஆகஸ்ட்ல நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு அறிக்கை கொடுத்தது. காப்பகங்கள்ல தத்துக்கு உரியவங்கன்னு கருதப்பட்ட ஆதரவற்ற குழந்தைகள் 6,996 பேர். அதுல சட்டப்படி அறிவிக்கப்பட்டவங்க 2,430 பேர்தான். 2021 டிசம்பர் கணக்குப்படி பதிவு பண்ணிக் காத்திருந்த பெற்றோர் 27,939.

இந்த இடத்துல என் டெவலப்பர் மூளை முழிச்சுக்குது. டேட்டாபேஸ்ல ஸ்டேட்டஸ் மாறாத ரெக்கார்டு, தேடினாலும் வராது. மிச்சம் 4,566 குழந்தைகளும் அப்படித்தான். காப்பகத்துல சாப்பிடுறாங்க, தூங்குறாங்க. வரிசையில இருக்கிற எந்தப் பெற்றோர் கண்ணுலயும் படமாட்டாங்க. பெற்றோருக்காவது லாகின் பண்ணா வரிசை எண் தெரியும்.

தாமதம் வெறும் நாள் கணக்கு இல்லை. பெரும்பாலான பெற்றோர் கேக்கிறது 2 வயசுக்கு உட்பட்ட குழந்தையை. 6 மாதக் குழந்தையோட ஃபைல் 3 வருஷம் தூங்கினா, எழுந்திருக்கும்போது குழந்தைக்கு மூன்றரை வயசு. அந்தக் குழந்தையைக் கேட்டு வர்றவங்க கொஞ்சம் பேர்தான்.

குழந்தைக்குள்ளேயும் ஏதோ நடக்குது. ருமேனியாவுல புக்காரெஸ்ட் நகரத்துக் காப்பகங்கள்ல இருந்த 136 குழந்தைகளை நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூணு ஆய்வாளர்கள் வருஷக்கணக்கா கவனிச்சாங்க. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்கள்ல சேர்த்தாங்க. 2 வயசுக்கு முன்னாடி குடும்பத்துக்குப் போன குழந்தைங்க, அறிவு வளர்ச்சியில லேட்டா போனவங்களை விட நல்லா தேறினாங்க. நம்ம சட்டம் கெடுவை மாத்துற அதே 2 வயசு! தற்செயலாத்தான் இருக்கும், ஆனாலும் கவனிங்க.

2022 செப்டம்பர்ல இருந்து தத்து உத்தரவு போடுற அதிகாரம் நீதிமன்றத்துகிட்ட இருந்து கலெக்டருக்கு மாறிடுச்சு. அதாவது 2019-ல தனியா பிரிஞ்ச எங்க தென்காசி மாவட்டத்துக் குழந்தைன்னா, தென்காசியிலேயே கையெழுத்து. நல்ல மாற்றம்தான். ஆனா அது கடைசிப் படி. நான் சொன்ன 4,566 பேர் நின்னது முதல் படியில.

அந்த முதல் படியில நமக்கும் ஒரு வேலை இருக்கு. பஸ் ஸ்டாண்டுலயோ ஆஸ்பத்திரி வாசல்லயோ கைவிடப்பட்ட குழந்தையைப் பார்த்தா, "தெரிஞ்ச வீட்ல குழந்தை இல்லை, கொடுத்துடலாம்"னு முடிவு பண்ணாதீங்க, அது குற்றம். 1098-க்கு போன் பண்ணுங்க. தகவலை 24 மணி நேரத்துக்குள்ள சொல்லியாகணும், இதுவும் சட்டம். அந்தக் குழந்தையைக் குழு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துற நாள்ல இருந்துதான் அதோட ரெண்டு மாசம் ஓட ஆரம்பிக்கும்.