சேமநிதியும் கப்பற்செலவும்
கெடாத் தோட்டத் தமிழரைச் சந்தைச் சரிவு தொட்ட வரலாறு

தமிழ்நாட்டார் வருங்கால வைப்பு நிதி என்பதை இலங்கையர் ஊழியர் சேமலாப நிதி என்பர். சிங்கப்பூரில் அது மத்திய சேம நிதி. நாம் ஊழியர் சேமநிதி என்கிறோம். பெயர் வேறாயினும் பொருள் ஏறத்தாழ ஒன்றே. உழைப்பவரின் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, முதலாளி தரும் பகுதியையும் சேர்த்து, முதுமைக்கென வைக்கும் பணம் அது. இப்பணத்துடன் ஆண்டுதோறும் சேர்வதை நம் நாளேடுகள் 'இலாப ஈவு' என்று எழுதுகின்றன. ஆனால், சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் சொற்களைத் திரட்டிய காலத்தில், பெரியவர்கள் அதை 'வட்டி' என்று சொல்லவே மிகுதியும் கேட்டிருக்கிறேன்.

வட்டி என்பது முன்னரே பேசி முடித்த வீதம். ஈவு என்பது விளைந்ததில் கிடைப்பது. விளைச்சல் குறைந்தால் அதுவும் குறையும். செட்டியார் கடையையும் அஞ்சலகச் சேமிப்பையும் அறிந்திருந்த மக்கள், தாம் அறிந்த சொல்லாலேயே புதியதையும் அழைத்தனர். இஃது இயல்பே. ஆயினும், அச்சொல் ஓர் உண்மையை மறைத்துவிட்டது. பால்மரம் சீவிய கையின் சேமிப்பு, கோலாலம்பூர்ப் பங்குச் சந்தையோடும் அதற்கு அப்பால் உள்ள சந்தைகளோடும் கட்டுண்டிருந்தது என்பதே அவ்வுண்மை. அக்கட்டு எப்போது விழுந்தது என்பதைப் பார்ப்போம்.

கெடா 1909-ஆம் ஆண்டு ஆங்கில–சயாம் உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் மேலாண்மைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ரப்பர் விலை இலண்டனில் ஓர் இறாத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டிற்று. மலாயாவில் தோட்டம் போடும் கூட்டுப்பங்கு நிறுவனங்களின் பங்குகளை இலண்டன் மக்கள் முண்டியடித்து வாங்கினர். காட்டை அழித்துக் கன்று நட்டதும், கங்காணி வழியே ஆள் சேர்த்ததும் பெரும்பாலும் அப்பங்குப் பணத்தால் நடந்தவையே. தோட்டத்துப் பெரிய துரையும் சம்பளக்காரரே. உண்மையான உடைமையாளர் கடல் கடந்திருந்த பங்குதாரர். மலாய் மொழி மூலதனத்தை 'மோடால்' என்கிறது; அது நம் 'முதல்' என்னும் சொல்லிலிருந்து சென்றது. மலாய்க்கு அச்சொல்லைத் தந்த மொழியைப் பேசியோரே தோட்டத்தில் முதலின்றிக் கூலிக்கு நின்றனர் என்பதை இவ்விடத்தில் எண்ணாமல் இருக்க இயலவில்லை.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. உலகில் மிகுதியாக ரப்பர் வாங்கிய நாடு அமெரிக்கா; வாங்கியதில் பெரும்பகுதி மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்குச் சென்றது. வண்டி விற்பனை விழுந்ததும் ரப்பர் விலையும் விழுந்தது. 1932-இல் மலாயாவில் ஓர் இறாத்தல் 10 காசுக்கும் கீழே சென்றது. மலாயாவின் முதன்மைத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 1930-இல் 40 காசாயிற்று; பெண்ணுக்கு 40 காசாக இருந்தது 32 ஆயிற்று; பின்னர் இரண்டும் மேலும் இறங்கின. 1930 ஆகஸ்டில் தமிழகத்திலிருந்து உதவிச் செலவில் ஆள் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. அதற்குப்பின் கப்பல்கள் எதிர்த்திசையில் நிரம்பின. மூன்று ஆண்டுகளுக்குள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரும் குடும்பத்தாரும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பப்பட்டனர்.

அவர்கள் கப்பற்செலவைத் தந்தது யார் என்பதை நம் வரலாற்றுப் பாடங்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்று தொடங்கப்பெற்று, பின்னர் இந்தியக் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. வேலைக்கு வைத்த ஆள்கணக்கின்படி முதலாளிகள் அதற்குப் பணம் செலுத்தினர். ஆள்களை அழைத்துவரும் செலவு அதிலிருந்து வந்தது. வேலையற்றோரைத் திருப்பியனுப்பவும் அந்நிதி பயன்பட்டது. அன்றைய தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் கிடையாது. முதுமைக்கு என அவருக்கு வைத்திருந்தது ஊர் திரும்பும் கப்பற்சீட்டு ஒன்றே. விலை நன்றாக இருந்தால் கூலி, சரிந்தால் சீட்டு: சந்தை இடும் கட்டளை இவ்வளவில் முடிந்தது. ஊருக்குச் சென்றவர் அங்கு என்ன உண்பார் என்பது யாருடைய கணக்கேட்டிலும் இடம்பெறவில்லை.

1938-இல் இந்திய அரசு உடலுழைப்பாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. போருக்குப் பின் இந்நாட்டையே ஊராகக் கொண்டோர் பெருகினர். திரும்பும் சீட்டு முதுமைக்குப் போதாது என்னும் நிலை அப்போது வந்தது. ஊழியர் சேமநிதிச் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டது. கப்பற்சீட்டின் இடத்தில் ஒரு கணக்கேடு வந்தது என்று அதனைச் சொல்லலாம். ஆனால் நாட்கூலி சிறிதாதலால் அதிலிருந்து பிடிப்பதும் சிறிதே. 55 வயதில் வரும் தொகை, லயத்து வீட்டைக் காலி செய்து வெளியே வேறு வீடு தேட வேண்டிய அதே வேளையில் வந்தது. அதிலும் ஒரு பகுதியை எடுத்துப் பினாங்கிலிருந்து 'ராஜுலா'வில் ஏறி ஒருமுறை ஊர் பார்த்து வந்தோர் உண்டு.

துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வேறு வழி கண்டது. மாதம் 10 வெள்ளி எனச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கை முடிக்கலாம். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். பங்கு என்பது உறுப்பினர் கண்ணால் காணத்தக்க மரமாகவும் மண்ணாகவும் இருந்தது. 1982-இல் தோன்றிய மைக்கா ஹோல்டிங்ஸ் அத்தகையதன்று. சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் முதலீடு செய்தனர். அவர்களில் தோட்டத்தார் பலர். நகையை அடகு வைத்து வாங்கியதாக இன்றும் சொல்வோர் உளர். அப்பங்கு பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. ஆகவே, அதன் விலை ஏறியதா இறங்கியதா என்று கேட்டறியவும், வேண்டியபோது விற்கவும் எளிய வழியில்லை.

இனி 1997. அவ்வாண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர்ப் பங்குச் சந்தைக் குறியீடு 1,271 புள்ளி. 1998 செப்டம்பர் முதல் நாளில் 262. ஐந்தில் நான்கு பங்கு மறைந்தது. பங்கே வாங்காத தோட்டத்தாருக்கு இதனால் என்ன? சேமநிதியின் பணத்தில் ஒரு பெரிய பகுதி அரசுக் கடன்பத்திரங்களில் இருந்தது. எஞ்சியதில் ஒரு பகுதியே பங்குகளில். அதனால் எவருடைய கணக்கிலும் முதல் குறையவில்லை. சட்டமும் 2.5 விழுக்காட்டுக்குக் குறையாத ஈவுக்கு உறுதி தந்திருந்தது. அடி ஈவில் விழுந்தது. அதுவும் மெல்ல விழுந்தது. 1996-இல் 7.70 விழுக்காடு, 1997-இலும் 1998-இலும் 6.70, 2002-இல் 4.25. நெருக்கடிக்குப்பின் நாட்டில் வட்டி வீதங்கள் இறங்கவே, புதிதாக வாங்கிய கடன்பத்திரங்களும் குறைவாகவே ஈட்டின. 20,000 வெள்ளி சேர்த்தவருக்கு 1996-இன் வீதத்தில் 1,540 வெள்ளி. 2002-இன் வீதத்தில் 850 வெள்ளி. 'வட்டி குறைஞ்சுபோச்சு' என்று பெரியவர்கள் சொன்னதன் பின்னே பல நாட்டு நாணயங்களின் வீழ்ச்சி இருந்தது.

ஓர் இடைக்குறிப்பு. 1996-இல் சேமநிதி உறுப்பினர் தம் பணத்தில் ஒரு பகுதியை யூனிட் டிரஸ்ட்டில் இட வழி திறக்கப்பட்டது. ஆனால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருப்பு வைத்திருந்தோரே அதற்கு உரியர். தோட்டத்தாரின் சிறு இருப்பு அவர்களை அவ்வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டின் சரிவிலிருந்து காத்ததும் அதுவே.

பயணப் பணத்தின் கதை இதைவிட விரைவானது. 1997 நடுவில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2.50 வெள்ளி; 1998 சனவரியில் 4.88 வரை சென்றது. ரூபாயும் அந்நாளில் சற்றே தளர்ந்ததுதான். எனினும் 14 ரூபாய் பெற்ற நம் வெள்ளி 9 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. குலதெய்வக் கோயிலுக்கும் தங்கை மகள் திருமணத்துக்கும் என 3,000 வெள்ளி சேர்த்தவர் கையில் 42,000 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 27,000 கூட இல்லை. அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் இருந்த அரசு ஓய்வூதியரும் இதற்கு விலக்கல்லர். பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும் உழைத்து ஓய்ந்த அவர்களுக்கு மாத ஓய்வூதியத்தில் ஒரு காசும் குறையவில்லை. கடல் கடந்ததும் அதே பணம் சுருங்கியது. 1998 செப்டம்பரில் அரசு ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என நிலைநிறுத்தி, 2005 சூலை வரை அதனைக் காத்தது. இழந்ததில் ஒரு பகுதி மீண்டது. பயணத்தைத் தள்ளிவைத்தவர் பயனடைந்தார். திருமணத்தையும் இறப்பையும் தள்ளிவைக்க முடிந்தவர் யார்?

மாணவர்க்கு ஒரு கணக்குத் தருகிறேன். 1982-இன் இறுதியில் சேமநிதியில் இருந்த ஒரு வெள்ளியை எடுத்துக்கொள்க. ஆண்டுதோறும் அறிவித்த ஈவை அதனோடு கூட்டி, மறு ஆண்டு அக்கூட்டுத்தொகைக்கே ஈவு கணக்கிடுக. 1997-இன் சரிவும் 2008-இன் சரிவும் இடையில் வந்தும், 2009 முடிவில் அது 5 வெள்ளியைத் தாண்டியிருக்கும். மைக்காவில் இட்ட ஒரு வெள்ளிக்கு, இடையில் கிடைத்த சிறு ஈவுகள் நீங்கலாக, 2010-இல் பங்குகளைத் திரும்ப வாங்க முன்வந்தோர் தருவதாகச் சொன்ன விலை 80 காசு.