கந்தகம் பிடிக்கும் களிமண்

1885 மே மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள லைமா நகரில், பெஞ்சமின் ஃபாரோ தன் அட்டை ஆலைக்கு எரிவாயு தேடித் துளையிட்டார். கிடைத்தது எண்ணெய். அதில் அழுகிய முட்டை நாற்றம் வீசியது. அதிலிருந்து வடித்த மண்ணெண்ணெயை விளக்கில் ஊற்றினால் கண்ணாடிச் சிம்னியில் கரி அப்பியது, வீடே நாறியது. எல்லாம் கந்தகத்தின் வேலை.

ஜெர்மனியில் பிறந்த வேதியியலாளர் ஹெர்மன் ஃப்ராஷ் இதற்கு வழி கண்டார். எண்ணெயில் உள்ள கந்தகத்தைத் தாமிர ஆக்சைடு பிடித்துக்கொண்டு தாமிர சல்பைடாக மாறும். அதை வறுத்தால் மறுபடி ஆக்சைடு கிடைக்கும். இந்த முறையை நம்பி, லைமா எண்ணெயைச் சுத்திகரிக்கவே 1889இல் இண்டியானாவின் வைட்டிங்கில் ஸ்டாண்டர்டு ஆயில் பெரிய ஆலை எழுப்பியது.

எண்ணெய்ச் சுத்திகரிப்புக்குக் களிமண் வந்தது வேறு வழியில். நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் இனத்தைச் சேர்ந்த மண்ணைத்தான், இங்கிலாந்தின் கம்பளித் தொழிலாளர்கள் தொட்டியில் கரைத்துத் துணியோடு மிதித்தார்கள். கம்பளியின் பிசுக்கை மண் உறிஞ்சிக்கொள்ளும். 1893இல் ஃபுளோரிடாவின் குவின்சியில் இந்த மண் கிடைத்தது. எண்ணெய் ஆலைகள் அதை வாங்கின. மண் நிரப்பிய உயரமான உருளைகளின் மேலே கறுத்த எண்ணெயை ஊற்றினால், கீழே வெளிறிய எண்ணெய் சொட்டியது.

நிறத்தையும் பிசினையும் பிடித்த மண்ணுக்குக் கந்தகம் அவ்வளவு எளிதாகச் சிக்கவில்லை. இன்று ஆலைகள் 300 டிகிரி செல்சியசுக்கு மேல், உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தை நீக்குகின்றன. அதற்கும் பிடிகொடுக்காத சேர்மங்கள் டீசலில் உண்டு.

அவற்றுக்காகவே ஆய்வாளர்கள் களிமண்ணைப் பக்குவப்படுத்துகிறார்கள். அமிலத்தில் ஊறவைத்தால் நுண்துளைகள் விரியும். மண்ணின் அடுக்குகளுக்கு இடையே உள்ள சோடியத்தை வெளியேற்றிவிட்டுத் தாமிரத்தையோ வெள்ளியையோ குடியேற்றலாம். அந்த உலோகம் கந்தகச் சேர்மத்தை அறை வெப்பத்திலேயே இழுத்துப் பிடிக்கும். ஃப்ராஷின் தாமிரம் மண்ணுக்குள் புகுந்து திரும்பியிருக்கிறது!

குறையும் உண்டு. எரிபொருளில் உள்ள மற்ற சேர்மங்களும் அதே இடத்துக்குப் போட்டியிடுவதால் மண் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே ஹைட்ரஜனுக்கு மாற்றாக இல்லாமல், கடைசிச் சுவடுகளைத் துடைக்கும் துணையாகவே அதைக் கருத வேண்டும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் ஒரு கிலோ டீசலில் 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. கட்ச்சிலும் பார்மரிலும் இப்படிப் பக்குவப்படுத்தக்கூடிய பென்டோனைட் களிமண் ஏராளமாகக் கிடைக்கிறது. அந்த மண்ணை நம் ஆய்வகங்கள் இன்னும் அக்கறையோடு சோதித்துப் பார்க்க வேண்டும்.